கச்சேரி தருவது விலாசம்: இசையைத் தொழிலாக எடுக்க நினைப்பவருக்கு

மிருதங்கத்தின் இடது தலைக்குத் தொப்பி என்று பெயர். கச்சேரி தொடங்கச் சற்று முன்னால் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அதன் நடுவில் அப்ப வேண்டும். அப்போதுதான் கனமான நாதம் வரும். முடிந்ததும் சுரண்டி எடுத்தாக வேண்டும். ஒரு டிசம்பரில், மதியக் கச்சேரி ஒன்றை முடித்துவிட்டு மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த ரவையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து நின்றார். பக்கத்தில் இருபது வயதுப் பையன்.

"சார், இவன் பத்து வருஷமா மிருதங்கம் கத்துக்கறான். இன்ஜினியரிங் மூணாவது வருஷம். படிச்சு முடிச்சதும் இதையே தொழிலா வச்சுக்கறேங்கறான். பிழைக்க முடியுமா சார்?"

என் ஜிப்பாப் பையில் சபாவில் கொடுத்த கவர் இருந்தது. பிரிக்காமலே உள்ளே எவ்வளவு இருக்கும் என்று தெரியும்: போக வர ஆட்டோ, ராத்திரி ஒரு நல்ல சாப்பாடு. அதை மனதில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "கச்சேரி பண்ணிப் பிழைக்க முடியாது சார். ஆனா கச்சேரி பண்றவனா இருந்தா பிழைச்சுக்கலாம்."

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் நேரமில்லை. அடுத்த சபாவுக்கு ஓட வேண்டியிருந்தது. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது சென்னையின் கர்நாடக இசை உலகமும் அதை ஒட்டியிருக்கும் சினிமாப் பாட்டு உலகமும். பேச்சு அந்த எல்லைக்குள்தான்.

கவரில் ஏன் அவ்வளவுதான்?

பாட்டுக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் பதில் சுலபம்: அரண்மனை, ஜமீன், கோயில். 1855இல் தஞ்சாவூரின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். பெயரளவில் மிஞ்சியிருந்த ராஜ்யமும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. வித்வான்கள் மெல்ல மெல்லச் சென்னைக்கு நகர்ந்தார்கள். இங்கே ராஜா கிடையாது. வக்கீல்களும் வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் இருந்தார்கள். தனி ஆளால் ஒரு வித்வானை வைத்துக் காப்பாற்ற முடியாது. ஐம்பது பேர் சந்தா போட்டால் ஒரு கச்சேரி வைக்கலாம். சபா என்பது அப்படிப் பிறந்த ஏற்பாடு. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது கூடவே ஒரு இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கியது. மார்கழி சீசன் என்று இன்று நாம் சொல்வதற்கு வேர் அங்கேதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரண்மனை வித்வானுக்கு மானியம் இருந்தது. பாடாத மாதத்திலும் வீட்டுக்கு நெல் வந்தது. சபா வித்வானுக்குப் பாடிய அன்றைக்கு மட்டும்தான் கூலி. சன்மானம் என்று மரியாதையாகச் சொன்னாலும் கூலிதான். இசைக்கலைஞரின் தொழில் பிரச்சினை முழுவதும் இந்த இடத்தில் தொடங்குகிறது.

சபாவுக்கு வருமானம் மூன்று வழி: உறுப்பினர் சந்தா, டிக்கெட், புரவலர் பணம். சாயங்காலம் பிரபலமானவர் பாடினால் டிக்கெட் விற்கும். மதியக் கச்சேரிக்குப் பல இடங்களில் அனுமதி இலவசம். டிக்கெட்டே இல்லாத கச்சேரியில் வாசித்தவருக்குக் கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும்? சபாக்காரர்கள் கஞ்சர்கள் என்று திட்டுவது எங்கள் கூட்டத்தில் பொழுதுபோக்கு. நானும் திட்டியிருக்கிறேன். அந்த மண்டபத்தின் வாடகை, மைக் செட், விளக்கு இத்தனையையும் கணக்குப் போட்ட பிறகு கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

அப்படியானால் மதியக் கச்சேரி எதற்கு? முன் வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இன்னொரு சபாவின் செயலாளர் இருப்பார். பத்திரிகைக்கு எழுதுகிறவர் இருப்பார். ஒரு பரதநாட்டிய ஆசிரியை, டிசம்பர் விடுமுறைக்கு நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம். மொத்தம் நாற்பது பேர்தான் இருந்தாலும் அந்த நாற்பதில் நான்கு பேர் அடுத்த வருடம் உங்களைக் கூப்பிடக்கூடியவர்கள். கச்சேரி உங்களுக்கு விலாசம் போட்டுக் கொடுக்கிறது. அந்த விலாசத்துக்குத்தான் மணியார்டர் வரும். அனுப்புகிறவர் வேறு ஆள்.

மேடையிலும் படிக்கட்டு உண்டு. புதியவர்களுக்கு நடுப்பகல், கொஞ்சம் பேர் வாங்கியவர்களுக்குப் பிற்பகல், மூத்தவர்களுக்கு மாலை. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறச் சிலருக்கு மூன்று வருடம் போதும்; சிலருக்குப் பதினைந்து வருடம் ஆகும். இதில் திறமைக்குப் பங்குண்டு. யார் யாரை அறிந்தவர் என்பதற்கும் பங்குண்டு, மறைப்பானேன். ஒரு சபாவில் என்னுடன் வந்த பாடகியிடம், "ஸ்பான்சரை நீங்களே பிடிச்சுண்டு வந்தா ஒரு நாள் தரலாம்" என்றார்கள். பெயர் வேண்டாம். அந்தப் பெண் எழுந்து வந்துவிட்டார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய மேடை விலாசமாக மாறி நான் பார்த்ததில்லை. அந்தச் செய்தி எப்படியோ ஊருக்குள் பரவிவிடுகிறது.

பக்கவாத்தியக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பாடகரால் ஒரு நாளில் ஒரு முழுக் கச்சேரிக்கு மேல் பாட முடியாது, தொண்டை இடம் கொடுக்காது. வயலின்காரரும் மிருதங்கக்காரரும் மதியம் ஒன்று, மாலை ஒன்று என்று ஓடலாம். இடைஞ்சலும் உண்டு: பாடகர் கூப்பிட்டால்தான் நமக்கு மேடை. பாடகரை மீறி அடித்து நொறுக்குகிற மிருதங்கக்காரருக்குத் தனி ஆவர்த்தனத்தில், அதாவது தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதியில், கைதட்டல் கிடைக்கும். அடுத்த கச்சேரிக்கு அழைப்பு வராது.

வானொலி கொடுக்கும் முத்திரை

மேடைக்கு வெளியே இன்னொரு விலாசம் இருக்கிறது, ஆல் இந்தியா ரேடியோ தரம். சென்னை நிலையம் 1938இல் தொடங்கியது. ஆடிஷனுக்கு விண்ணப்பித்து, கூடத்தில் பாடியோ வாசித்தோ காட்டித் தேறினால் ஒரு தரம் கொடுப்பார்கள். பி, பி ஹை, ஏ, டாப் என்று அது ஏறும். நிகழ்ச்சிக்கான ஊதியம் தரத்தைப் பொறுத்தது. முன்பு நிலைய வித்வான் என்று மாதச் சம்பளத்தில் ஆட்கள் இருந்தார்கள்; இப்போது அந்த நாற்காலிகள் அருகிவிட்டன. வானொலியில் வரும் பணத்தால் யாரும் வீடு கட்டியதில்லை. ஆனாலும் விண்ணப்பித்துவிடுங்கள். ஒரு கலைஞரின் அறிமுகக் குறிப்பில் "ஆகாசவாணி ஏ கிரேடு" என்ற வரி இருந்தால், நம்மை அறியாத ஊரில்கூட ஏற்பாட்டாளருக்கு ஒரு அளவுகோல் கிடைத்துவிடுகிறது. சொந்தக்காரர் சிபாரிசு வேலை செய்யாத இடத்தில் இது வேலை செய்யும்.

பணம் வரும் இடங்கள்

என் வீட்டு வாடகையைப் பல வருடம் கொடுத்தது நாட்டியம்தான். மிருதங்கம் படிக்கிற பையன்கள் முகம் சுளிக்கும் வேலை இது. "டான்ஸுக்கு வாசிக்கிறவன்" என்றால் ஒரு படி கீழே என்று எங்கள் உலகத்தில் ஒரு நினைப்பு உண்டு. சுத்தப் பைத்தியக்காரத்தனம். காலில் விழும் ஒவ்வொரு தட்டுக்கும் சொல்லைப் பிசகாமல் கொடுப்பது கச்சேரியில் வாசிப்பதைவிடச் சில சமயம் கஷ்டம்.

ஒரு பெண்ணின் அரங்கேற்றம் என்றால் நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஜதி சொல்வது), பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று ஐந்து பேர் வேண்டும். ஒத்திகைகள் நான்கைந்து நடக்கும். ஒத்திகைக்கும் சேர்த்துத்தான் தொகை பேசுவார்கள். பேசாவிட்டால் நீங்கள் பேச வேண்டும். இளம் கலைஞர்கள் ஏமாறும் இடம் இது. நிகழ்ச்சிக்கு மட்டும் தொகை சொல்லிவிட்டு ஆறு ஒத்திகைக்கு இலவசமாகப் போய் வந்த அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு.

அமெரிக்காவில் பள்ளி விடுமுறை ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை. அரங்கேற்றங்களும் அப்போதுதான். சென்னையிலிருந்து ஒரு குழுவாகப் போய் வாரக் கடைசிகளில் ஊர் ஊராக வாசித்துவிட்டு வருவார்கள். அதற்கு பி-3 என்ற விசா உண்டு. ஒரு பண்பாட்டுக்கே உரிய கலையை நிகழ்த்த வருகிறவர்களுக்கானது. அங்கே இருக்கும் ஏற்பாட்டாளர் மனுப் போட வேண்டும். அந்த மனுவில் நீங்கள் யார் என்று நிரூபிக்கக் கேட்பது என்ன தெரியுமா? பத்திரிகை விமர்சனம், சபா அழைப்பிதழ், விருது, வானொலித் தரம். ஆட்டோக் காசுக்கு வாசித்த அந்த மதியக் கச்சேரியின் அழைப்பிதழ் இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. விலாசம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அடுத்தது பாடம் சொல்லிக் கொடுப்பது. மாதா மாதம் நிச்சயமாக வருகிற பணம் என்றால் கலைஞர்களில் பெரும்பாலோருக்கு இதுதான். கலிஃபோர்னியாவில் குழந்தை பள்ளியிலிருந்து வந்து மாலை நாலரைக்கு உட்காரும்போது இங்கே மறுநாள் காலை ஆறு மணி. மார்ச்சில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள்; உடனே நம் வகுப்பு ஐந்து மணிக்கு வந்துவிடும். ராத்திரி பதினொன்றுக்குக் கச்சேரி முடித்து வந்து, விடியற்காலை ஐந்துக்குத் தகதிமி சொல்லித் தருவது தனிக் கலை.

இணையத்தில் தாள வாத்தியம் சொல்லித் தருவதில் ஒரு தொல்லை உண்டு. ஒலி போய்ச் சேர அரை நொடி தாமதமானாலும் இருவரும் சேர்ந்து தாளம் போட முடியாது. நான் தட்டுவது மாணவனுக்குப் பிந்திக் கேட்கும். அவன் வாசிப்பது எனக்கு இன்னும் பிந்தும். அதனால் நாங்கள் சேர்ந்து வாசிப்பதில்லை. நான் வாசித்து நிறுத்துவேன், அவன் தாளம் போட்டுக்கொண்டு திருப்பி வாசிப்பான். பாட்டு ஆசிரியர்களுக்கும் இதே கதைதான். இப்படிப் படித்த பையன்கள் ஊருக்கு வந்து எதிரே உட்கார்ந்து வாசிக்கும்போது, இன்னொருவரோடு சேர்ந்து போகத் தெரியாமல் திணறுவார்கள். முதல் ஒரு வாரம் அதற்கே போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. முப்பது மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு தன் சாதகத்தை, அதாவது தினப் பயிற்சியை, விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து வருடத்தில் கை மங்கிவிடும்; கை மங்கினால் கச்சேரி போகும். கச்சேரி இல்லாத ஆசிரியரிடம் புது மாணவர் வருவதும் மெல்ல நிற்கும்.

நிரந்தர உத்தியோகமும் கொஞ்சம் இருக்கிறது. அரசு இசைக் கல்லூரிகள், 2013இல் தொடங்கிய தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம், மாவட்ட அரசு இசைப் பள்ளிகள். அந்தப் பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் சொல்லித் தருகிறார்கள். அறநிலையத்துறைக் கோயில்களில் ஓதுவார், நாதஸ்வரம், தவில் பணியிடங்கள் உண்டு. இவற்றுக்கெல்லாம் சான்றிதழ் கேட்பார்கள். குருவிடம் இருபது வருடம் படித்தேன் என்று சொன்னால் செல்லாது. அதனால் குருவிடம் படிக்கும்போதே ஒரு டிப்ளமாவையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பஞ்சாங்கம் பார்க்கத் தெரிய வேண்டும்

ஜோசியத்துக்கு அல்ல, வரவு செலவுக்கு. ஆடி, புரட்டாசி, மார்கழியில் பெரும்பாலான குடும்பங்களில் கல்யாணம் வைப்பதில்லை. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம் குவியும். நாதஸ்வர செட்டுக்கும், ரிசப்ஷனில் பாடும் மெல்லிசைக் குழுவுக்கும், கல்யாணக் கச்சேரி செய்பவர்களுக்கும் இதுதான் சம்பளத் தேதி. சிக்கல் என்னவென்றால் எல்லோருக்கும் அதே நாள்தான் நல்ல நாள். ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று வீட்டில் கூப்பிடுவார்கள்; ஒன்றுக்குத்தான் போக முடியும். மற்ற நாட்களில் தொலைபேசி வாயே திறக்காது. அதனால்தான் முகூர்த்த நாளில் நாதஸ்வரக்காரர் கேட்கும் தொகை அதிகமாகத் தெரிகிறது. அது அந்த ஒரு நாளுக்கான கூலி இல்லை, சும்மா இருக்கும் நாட்களையும் சேர்த்துத் தாங்க வேண்டிய கூலி.

ஆடியில் நிலைமை தலைகீழ். கல்யாணக்காரர்களுக்குப் பட்டினி, அம்மன் கோயில் திருவிழாக்காரர்களுக்கு அறுவடை. நையாண்டி மேளம், கரகாட்டத்துக்கு வாசிப்பவர்கள், பறையிசைக் குழுக்கள், மெல்லிசைக் கச்சேரிக்காரர்கள் எல்லோரும் ராத்திரி முழுக்கப் பயணத்தில் இருப்பார்கள். மார்கழியில் கர்நாடக சங்கீதக்காரர்களுக்கு ஓட்டம். கர்நாடக வயலின் வாசிக்கிற ஒருவர் மெல்லிசைக் குழுவிலும் வாசிக்கத் தெரிந்துகொண்டால் அவருடைய வருடத்தில் காலி மாதம் குறையும். சிலர் இதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கால்ஷீட் காலம்

சினிமாவில் வாசித்துச் சம்பாதிக்கலாம் என்ற கனவு சென்னையில் இசை படிக்கும் எல்லோருக்கும் ஒரு வயதில் வரும். வரட்டும். ஆனால் அந்த வேலை நாற்பது வருடத்துக்கு முன் இருந்த மாதிரி இல்லை.

அப்போது பெரிய கூடத்தில் வரிசை வரிசையாக வயலின்காரர்கள், நடுவில் செல்லோ, ஓரத்தில் தபலா, கண்ணாடி அறைக்குள் பாடகர் என்று எல்லோரும் சேர்ந்து ஒரே டேக்கில் வாசித்தார்கள். ஒருவர் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து. அதனால் முன்னே வைத்த தாளைப் பார்த்த மாத்திரத்தில் பிசகாமல் வாசிப்பவருக்கு மதிப்பு. காலையில் எழுதிய இசைக்குறிப்பைக் காலையிலேயே வாசித்துவிட வேண்டும். கால்ஷீட் கணக்கில் கூலி. இசைக்கலைஞர் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது அவசியம்.

இளையராஜா 1976இல் இசையமைப்பாளராக வருவதற்கு முன் கிட்டார் வாசித்தவர், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். ஏ.ஆர்.ரஹ்மானின் தந்தை ஆர்.கே.சேகர் இறந்தபின் அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டு அந்தக் குடும்பம் காலம் தள்ளியது. ரஹ்மான் சிறுவயதிலேயே கீபோர்டு வாசிக்கப் போனார், அப்புறம் விளம்பரப் பாட்டுகள், 1992இல் சினிமா. இந்த இரண்டு கதையிலும் நான் பார்ப்பது அதிர்ஷ்டத்தை அல்ல. இருவரும் மற்றவர்கள் பாட்டுக்கு வாசித்து வாசித்து, ஒரு பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்று சம்பளம் வாங்கிக்கொண்டே படித்தவர்கள்.

பிறகு கணினி வந்தது. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்யலாம், தப்பை மட்டும் திருத்தலாம், வயலின் கூட்டத்தைக் கீபோர்டிலேயே ஓரளவு கொண்டுவரலாம். கூட்டமாக வாசித்தவர்களுக்கு வேலை சுருங்கியது. தனியாகக் கேட்கும் வாத்தியங்களுக்கு அவ்வளவு அடி இல்லை. புல்லாங்குழலின் மூச்சு, வீணையின் கமகம், நாதஸ்வரத்தின் குழைவு இன்னும் ஆள் வைத்தால்தான் உயிரோடு வருகிறது. இப்போது பலர் வீட்டிலேயே நல்ல மைக் ஒன்று வைத்துக்கொண்டு, வரும் டிராக்குக்கு வாசித்துக் கோப்பை அனுப்பிவிடுகிறார்கள். கர்நாடகம் மட்டும் படித்தவர் இங்கே நுழைய மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்கக் கற்றே ஆக வேண்டும். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்துவது மாதிரியான தேர்வுகள் அதற்கு உதவும். ரஹ்மான் 2008இல் சென்னையில் தொடங்கிய கேஎம் இசைப்பள்ளி போன்ற இடங்களும் இருக்கின்றன.

பாடகர்களுக்கு வாசல், டிராக் பாடுவது. பெரிய பாடகர் வருவதற்கு முன் பாட்டு எப்படி இருக்கும் என்று காட்டப் பாடி வைப்பது. அந்தக் குரல் பெரும்பாலும் அழிக்கப்படும். எப்போதாவது, "இதுவே நன்றாக இருக்கிறதே" என்று விட்டுவிடுவார்கள். அந்த எப்போதாவதை நம்பிப் பத்து வருடம் டிராக் பாடியவர்கள் உண்டு.

ஒரு பாட்டுக்குள் எத்தனை சொந்தக்காரர்கள்?

நிறையப் பேர் இதைத் தெரிந்துகொள்ளாமலே தொழிலில் இறங்கிவிடுகிறார்கள். நானும் தெரியாமல்தான் இறங்கினேன்.

மேடையில் வாசித்தால் அன்று காசு, அதோடு முடிந்தது. பாட்டு அப்படியில்லை. நீங்கள் தூங்கும்போதும் எங்கோ வானொலியில், கடையில், யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டத்திலிருந்து வரும் பங்குக்குத்தான் ராயல்டி என்று பெயர். அரண்மனை மானியம் போன பிறகு இசைக்கலைஞருக்குக் கிடைத்த, பாடாத மாதத்திலும் வருகிற நெல் இது ஒன்றுதான்.

ஒரு பாட்டில் பல அடுக்கு உண்டு. வரிகள் ஒன்று, மெட்டு ஒன்று, பதிவு செய்த ஒலி ஒன்று, அதில் பாடியவர் வாசித்தவரின் நிகழ்த்துதல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் உரிமை தனி. தியாகராஜ சுவாமியின் கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி வரிக்கும் மெட்டுக்கும் உரிமை, எழுதியவர் மறைந்த பிறகு 60 வருடம் வரை. தியாகராஜர் மறைந்தது 1847இல். அவர் கீர்த்தனையை யாரும் பாடலாம், பதிவு செய்யலாம், விற்கலாம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். அவருடைய பாட்டுகளுக்கு 2033 முடியும் வரை காலம் இருக்கிறது. சரி, தியாகராஜர் கீர்த்தனையை ஒரு கம்பெனி போன வருடம் பதிவு செய்து வெளியிட்டிருந்தால்? கீர்த்தனை பொதுச் சொத்து, அந்தப் பதிவு கம்பெனியின் சொத்து. பதிவுக்கு 60 வருடம், நிகழ்த்தியவரின் உரிமைக்கு 50 வருடம்.

இது ஏன் முக்கியம் என்றால், என் மாணவன் ஒருவன் வாசித்த கச்சேரியின் பதிவை யூடியூபில் போட்டோம். பாடியது எங்கள் ஆட்கள், வாசித்தது எங்கள் ஆட்கள். இரண்டே நாளில் ஒரு கம்பெனி உரிமை கோரியதாக அறிவிப்பு வந்தது. அவர்களிடம் அதே கீர்த்தனையின் பதிவு இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றிவிட்டது. பையன் பயந்துபோய் அழிக்கப் பார்த்தான். மறுப்பு எழுதிப் போடு என்றேன்: கீர்த்தனை பொதுச் சொத்து, பதிவு எங்களுடையது. சில வாரத்தில் கோரிக்கை விலகியது. இந்த அடுக்குகள் தெரியாதிருந்தால் அழித்திருப்பான்.

சினிமாவுக்கு வருவோம். முன்பெல்லாம் ஒரு தொகையைக் கையில் கொடுத்து எல்லா உரிமையையும் எழுதி வாங்கிவிடுவார்கள். 2012இல் சட்டத்தைத் திருத்தினார்கள். படத்துக்காக எழுதிய வரிக்கும் மெட்டுக்கும், திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாட்டில் வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்குண்டு, உரிமையை வாங்கியவரோடு சமமாக. அதை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. இந்தப் பணத்தை வசூலித்துப் பிரித்துத் தரும் சங்கம் ஐபிஆர்எஸ், 1969இலிருந்து இருக்கிறது. பாடகர்களுக்காக 2013இல் தனிச் சங்கம் வந்தது. உறுப்பினராகி, உங்கள் பாட்டுகளைப் பதிந்து வைத்தால்தான் பங்கு வீடு தேடி வரும். ஒரு விளம்பரப் பாட்டு எழுதியவர்கூடப் பதியலாம். சோம்பேறித்தனத்தால் விட்டவர்கள் நிறைய.

வாத்தியம் வாசிப்பவர் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம். நிகழ்த்துபவர் யார் என்று சட்டம் ஒரு பட்டியல் போடுகிறது. நடிகர், பாடகர், வாத்தியக்காரர், நடனமாடுபவர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை அதில் உண்டு. ஆனால் படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானது, எங்கேயும் பெயர் போடும் வழக்கமும் இல்லை என்றால், ராயல்டி முதலான உரிமைகளுக்கு அவர் நிகழ்த்துபவராகக் கருதப்படமாட்டார். ஆக, படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ ஓடும் அந்தப் பெயர்ப் பட்டியல் அம்மாவிடம் காட்டிப் பெருமைப்படுவதற்கு மட்டுமல்ல. பெயர் போடுவார்களா என்று வாசிப்பதற்கு முன்பே கேளுங்கள். எழுத்தில் கேட்டால் இன்னும் நல்லது, ஒரு வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும்.

ஸ்ட்ரீமிங்கைப் பற்றிப் பெரிதாக எழுத எனக்கு மனமில்லை. மொத்த வருமானத்தை எல்லோர் பாட்டும் ஓடிய விகிதத்தில் பிரிக்கிறார்கள். நமக்கு வருவது டீச் செலவு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறை ஓடாவிட்டால் அதுவும் இல்லை. அங்கேயும் விலாசக் கணக்குதான் பொருந்தும்.

வரி விஷயம் இரண்டே வரி. சாஸ்திரிய, நாட்டுப்புற இசை நிகழ்ச்சிக்கு ஒரு நிகழ்ச்சிக் கட்டணம் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்டால் ஜிஎஸ்டி கிடையாது. டிடிஎஸ் என்று 10 சதவீதம் பிடித்தால் பதறாமல் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவருக்கு அது திரும்பி வரும். பல வித்வான்கள் அந்தப் பணத்தை வருடக்கணக்கில் அரசாங்கத்துக்கே விட்டுவைத்திருக்கிறார்கள்.

அந்தப் பையன்

போன வருடம் அவர்கள் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். பையன் படிப்பை முடித்துவிட்டு ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாட்டிய ஆசிரியையிடம் வகுப்புக்கு வாசிக்கிறானாம். "வேலையை விட்டுடட்டுமா சார்?" என்று இந்த முறை அவனே கேட்டான்.

எத்தனை மிருதங்கம் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். ஒன்று என்றான். பெண் பாடினால் சுருதி ஐந்து, ஐந்தரைக் கட்டை. ஆண் பாடினால் ஒன்று, ஒன்றரை. ஒரே மிருதங்கத்தை இரண்டுக்கும் இழுத்துப் பிடிக்க முடியாது. ஹெச்சு (உயர்ந்த) சுருதிக்குச் சிறியது, தக்கு (தாழ்ந்த) சுருதிக்குப் பெரியது, வழியில் ஒன்று கிழிந்தால் மாற்றாக இன்னொன்று. பலாக்கட்டை வாங்கி, தோல் மாற்றி, சாதம் (வலது தலையின் நடுவில் இருக்கும் கருப்புப் பூச்சு) போட்டு வைத்துக்கொள்வதற்கு அடிக்கடி செலவு உண்டு. கடைக்காரர் கடை திறக்கச் சரக்கு வாங்குவது மாதிரி. சம்பளம் வரும்போதே அதை வாங்கி வைத்துக்கொள் என்றேன்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். வாசித்து வந்த ஒவ்வொரு ரூபாயையும் தேதி போட்டு எழுத வேண்டும். யார் கூப்பிட்டார், அவருக்கு உன்னை யார் சொன்னார் என்றும் பக்கத்தில் எழுத வேண்டும். தமிழ் மாதக் கணக்கில் பன்னிரண்டு மாதம். ஆடியிலும் புரட்டாசியிலும் என்ன வந்தது என்று பார்த்துவிட்டு வேலையைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று வாட்ஸ்அப்பில் அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். ஆனியில் நான்கு வரி இருந்தது. ஆடிக்கு இன்னும் பேனா படவில்லை. ஆனால் "யார் சொன்னார்" என்ற இடத்தில் மூன்று வரிக்கு ஒரே பெயர், அந்த ஞாயிற்றுக்கிழமை நாட்டிய ஆசிரியை.